இளநீர் குடித்தவரும் இரவில் குடித்தவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து ஓட்டுநர்களைப் பணிக்கு அனுப்பும் முன், மது குடித்திருக்கிறார்களா என்று கருவியில் ஊதச் சொல்லிப் பார்க்கும் சோதனையை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று ஒரு சாராரும், அது தொழிலாளியைத் திருடனைப் போல நடத்தும் செயல் என்று இன்னொரு சாராரும் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் எழுதி வருகிறார்கள். இரண்டு கட்சியிலும் என்னால் முழுதாகச் சேர முடியவில்லை. ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் பணிமனையில் நேரக் காப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த நிறுவனத்தின் பெயரையோ, அது அரசுடையதா தனியாருடையதா என்பதையோ இங்கே சொல்லப் போவதில்லை. நான் எழுதப்போகும் குறை அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியதன்று.

ஊதும் கருவி வருவதற்கு முன்பு எங்களிடம் இருந்த கருவி மூக்கு ஒன்றுதான். விடியற்காலை நாலே முக்கால் மணிக்கு முதல் நடை எடுக்க வருகிற ஓட்டுநரிடம் ட்ரிப் ஷீட்டை நீட்டும் சாக்கில் ஓரடி நெருங்கி நின்று, அவர் பேசும்போது மூச்சு எப்படி வருகிறது என்று கவனிப்போம். கிராம்போ வெற்றிலையோ மென்றுகொண்டு வருபவர்மேல் சந்தேகம் கூடும். நிச்சயமாகத் தெரிந்துவிட்டாலும் மேலே எழுதமாட்டோம். ‘உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்லி, ஸ்பேர் ஓட்டுநரை எழுப்பி அனுப்புவோம். இதைக் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் ஸ்பேர் ஓட்டுநர் யாரும் இல்லை. வந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு வேலை பழக்கியவர்களில் ஒருவர். “அண்ணே, இன்னைக்கு வேண்டாம்ணே” என்றேன். “தம்பி, நேத்து ராத்திரி சாப்பிட்டது. தூங்கி எந்திரிச்சு குளிச்சுட்டு வர்றேன், ஒண்ணுமில்லை” என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழியில் ஒரு வளைவில் பின்பக்கத் தகடு மதில்சுவரில் உராய்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அந்த வண்டியில் போய் இறங்கிய ஐம்பது பேருக்கும் தாங்கள் எதிலிருந்து தப்பினோம் என்பது தெரியாது. அந்த ட்ரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால், சோதனையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் நிற்கமாட்டேன்.

‘தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்’ என்பது ஓட்டுநர்களிடையே இன்றைக்கும் வேரூன்றிக் கிடக்கும் நம்பிக்கை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி ரத்தத்தில் சுமார் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் மது குறைகிறது. குளியலோ மோரோ கடுங்காப்பியோ அந்த வேகத்தைக் கூட்டாது. நள்ளிரவில் 150 மில்லிகிராம் ஏறியிருந்த ஒருவருக்கு விடியற்காலை 5 மணிக்கு 75 மிஞ்சியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு சாலையில் வண்டி ஓட்டும் யாருக்கும் அனுமதிக்கும் வரம்பு 30தான். அவர் உடம்பு முழுக்கத் தெளியக் காலை 10 மணி ஆகிவிடும். டாஸ்மாக் கடையை இரவு 10 மணி வரை திறந்து வைத்திருக்கும் அரசும், காலை 5 மணிக்கு ஊதச் சொல்லும் நிர்வாகமும் இந்தக் கணக்கைப் பணிமனைச் சுவரில் ஒரு பலகையாக எழுதி வைத்திருந்தால் பாதிப் பேர் முதல்நாளே நிதானித்திருப்பார்கள். நான் பார்த்த பலகைகளிலெல்லாம் ‘மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு’ என்றுதான் இருந்தது.

ஆகவே சோதனை வேண்டும். என் மனக்குறை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

கேரளத்தில் நடந்தவற்றை இங்கே நினைவூட்ட வேண்டும். பொள்ளாச்சிக்காரனான எனக்கு அது பக்கத்து வீட்டுச் சங்கதி. அங்குள்ள மாநிலப் போக்குவரத்துக் கழகம் 2024 ஏப்ரலில் பணிமனைகளில் ஊதிப் பார்க்கும் சோதனையை முடுக்கிவிட்டு, இரண்டு வாரங்களில் 100 பேர்மீது நடவடிக்கை எடுத்தது. அவர்களில் நிரந்தரப் பணியாளர்கள் 74 பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தற்காலிகப் பணியாளர்கள் 26 பேர் வேலையிலிருந்தே அனுப்பப்பட்டார்கள். நிரந்தரப் பணியாளருக்கு விசாரணை, தற்காலிகப் பணியாளருக்கு வீடு என்கிற அந்த வேறுபாட்டைப் பற்றியே தனிக் கடிதம் எழுதலாம். அடுத்த ஆண்டு ஜூலையில் பத்தனம்திட்டை மாவட்டத்துப் பந்தளம் பணிமனையில் குடிக்காத ஓட்டுநர்கள் சிலர் ஊதியபோதும் கருவி மது இருப்பதாகக் காட்டியது. கடைசியில் காரணம் பிடிபட்டது: சக ஊழியர் ஒருவர் கொண்டுவந்திருந்த நன்கு கனிந்த பலாப்பழத்தை அவர்கள் தின்றுவிட்டு வந்திருந்தார்கள். சந்தேகம் தீர, சோதனையில் தேறியிருந்த ஒருவருக்குப் பலாச்சுளையைக் கொடுத்துத் தின்னச் சொல்லி மறுபடி ஊதச் சொன்னார்கள். அவருக்கும் கருவி குடித்தவர் என்றே கணக்குக் காட்டியது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் சர்க்கரையில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் வேலை செய்து சிறிதளவு மதுவை உண்டாக்குகின்றன. அது வாயில் தங்கியிருக்கும்போது ஊதினால், நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு அந்த வாய் ஈரமும் கலந்து கருவிக்குள் போகிறது. நல்ல கருவியில் இருக்கும் எரிபொருள் மின்கலம், மது ஆவி பிளாட்டினத் தகட்டில் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளக்கிறது. அந்த மது ரத்தத்திலிருந்து வந்ததா பலாச்சுளையிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அதற்கு இல்லை. மலிவான அரைகுறைக் கருவிகளோ வேறு சில ஆவிகளைக்கூட மது என்று எண்ணிக்கொள்ளும். சர்க்கரை நோய் முற்றியவரின் மூச்சில் வரும் அசிட்டோன் அவற்றுள் ஒன்று. வாயில் தங்கிய மது சுமார் கால் மணி நேரத்தில் போய்விடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 15 முதல் 20 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னால் பலாப்பழக்காரர் தேறிவிடுவார், இரவில் குடித்தவர் தேறமாட்டார். தீர்வு இவ்வளவு எளியது.

இந்த எளிய வழி இருக்க, 2025 பிப்ரவரியில் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டம் எடுத்த வழி வேறு. லோகோ பைலட்டுகள், அதாவது ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள், சிலர் ஊதியபோது கருவி மது காட்ட, அவர்களுடைய ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் மது இல்லை என்று வந்தது. அப்படியானால் கருவியையும் சோதிக்கும் முறையையும்தானே பார்க்க வேண்டும்? பணிக்கு வரும் முன்பு இளநீர், குளிர்பானம், சிலவகைப் பழங்கள், இருமல் மருந்து, ஹோமியோ மருந்து ஆகியவற்றை உட்கொள்ளக் கூடாது என்று ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் ஊர் இளநீர்க் கடையில் பேசிய பேச்சையெல்லாம் தங்கள் நாளிதழில் அச்சிட முடியாது.

சிரிப்புக்கு இடமான இந்தச் செய்திகளுக்குப் பின்னால் சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. எங்கள் பணிமனையில் கருவி வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், குடிப்பழக்கமே இல்லாத ஓர் ஓட்டுநர். நாள்பட்ட வயிற்றுக் கோளாறுக்காகச் சித்த ஆயுர்வேதக் கடையில் வாங்கிய அரிஷ்டத்தை இரண்டு மூடி, புறப்படும் முன் வெறும் வயிற்றில் குடிக்கும் வழக்கம் அவருக்கு. அரிஷ்டமும் ஆசவமும் புளிக்க வைத்துச் செய்யப்படுபவை என்பதால் அவற்றில் இயற்கையாகவே மது உண்டு என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. வீடு பணிமனைக்கு எதிர்ச்சந்தில். குடித்த வாயோடு வந்தார், ஊதினார், கருவி கூவியது. “சார், நான் எதையும் தொடாதவன்னு உங்களுக்கே தெரியும்” என்று என்னைத்தான் பார்த்தார். எனக்குத் தெரியும். ஆனால் கருவி காட்டிய எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதைத் தவிர வேறெதையும் செய்ய எனக்கு விதி இல்லை. மறுபடி ஊதச் சொல்லலாமா என்று மேலே கேட்டேன். அப்படி எழுத்தில் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. வண்டிக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்து, கடிதம் தட்டச்சு செய்து, துணைக்கு ஒருவரைத் தேடி, அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி ரத்தம் எடுக்கும்போது காலை மணி ஒன்பதரை. அதில் மது இல்லை என்று வந்ததை நிர்வாகம் ஏற்கவில்லை. “நாலு மணி நேரம் கழித்து எடுத்தால் இறங்கித்தான் இருக்கும்” என்றார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதிலும் பிழை இல்லை, அதுதான் கொடுமை. காலை ஐந்து மணிக்கு 40 மில்லிகிராமோடு வந்த உண்மையான குடிகாரருக்கும் ஒன்பது மணிக்கெல்லாம் ரத்தம் சுத்தமாகிவிடும். ஆக அந்த நாலு மணி நேரத் தாமதம் குற்றவாளிக்குத் தப்ப வழி விடுகிறது. குற்றமற்றவரிடமிருந்தோ தன்னை நிரூபிக்க இருந்த ஒரே சான்றைப் பிடுங்கிவிடுகிறது. அந்த ஓட்டுநர் நாற்பது நாளுக்கு மேல் பணியிடை நீக்கத்தில் இருந்தார். கடைசியில் ‘எச்சரிக்கையுடன்’ பணியில் சேர்த்துக்கொண்டார்கள். எதைச் செய்யாதே என்று அந்த எச்சரிக்கை சொன்னது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாலையில் போலீசாரிடம் பிடிபடுகிற ஒருவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 202ஆம் பிரிவின்படி, குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். மூச்சில் மது வாடை வந்தது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது என்பதை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு விபத்து வழக்கில் சொல்லிவிட்டது. அந்த நிலைக்கு நீதிமன்றங்கள் வந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும், முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவரின் பிழைப்பை ஒரே ஓர் ஊதலை வைத்துத் தீர்மானிக்கும் பணிமனைகள் இருக்கின்றன. தெருவில் பிடிபட்ட குடிகாரருக்குக் கிடைப்பது நேரத்துக்குப் பணிக்கு வந்து நிற்கும் ஊழியருக்குக் கிடைக்கவில்லை.

முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை என்பதற்கு விமானத் துறையே சாட்சி. புறப்படும் முன் விமானிகளைச் சோதிப்பதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்துள்ள விதிகள் கண்டிப்பானவை: விமானம் எடுப்பதற்கு 12 மணி நேரத்துக்குள் மது கூடாது, மூச்சில் சிறு தடயம்கூடக் கூடாது, முதல் முறை சிக்கினால் உரிமம் மூன்று மாதம் நிறுத்தம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு, மூன்றாம் முறை ரத்து. ஆனால் அந்த விதிகளே முதல் ஊதலில் மது காட்டினால் 15 முதல் 20 நிமிட இடைவெளி விட்டு, முகம் கழுவி வாய் கொப்பளிக்க விட்டு, கருவியையும் ஒருமுறை சரிபார்த்து, சாட்சி முன்னிலையில் மறுபடி சோதிக்கச் சொல்கின்றன. 2023இல் திருத்தியபோது எரிபொருள் மின்கலக் கருவிதான் பயன்படுத்த வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இருநூறு பேரை ஏற்றிச் செல்லும் விமானத்தை 20 நிமிடம் நிறுத்திவைக்க முடிகிறபோது, ஐம்பது பேர் ஏறும் பேருந்தை நிறுத்த முடியாதா? விமானியின் மூச்சும் ஓட்டுநரின் மூச்சும் ஒன்றுதானே.

மதுவுக்கே இந்த நிலை என்றால், கஞ்சா முதலிய போதைப் பொருள்களுக்கும் பணியாளர்களைச் சோதிக்க வேண்டும் என்று தங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குக் கலக்கமே வந்தது. வேண்டாம் என்பதல்ல. அமெரிக்காவில் 1987 ஜனவரி 4ஆம் தேதி மேரிலாந்து மாநிலத்துச் சேஸ் என்னும் இடத்தில், கஞ்சா புகைத்திருந்த ஓட்டுநர் சிக்னலை மீறிக் கொண்டுவந்த எஞ்சின்கள்மீது பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். அதன் விளைவாகத்தான் அங்கே 1991இல் போக்குவரத்துப் பணியாளர் சோதனைச் சட்டம் வந்தது. ஆனால் அங்கும் சிறுநீரில் செய்யும் முதல் சோதனை வெறும் சல்லடை. அதில் சிக்கியதை வேறொரு நுட்பமான கருவியில் உறுதி செய்து, மருத்துவர் ஒருவர் அந்த ஊழியரிடம் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட பிறகே முடிவு வெளியாகும். கசகசா அபின் செடியின் விதை; அது போட்ட ரொட்டி தின்றவர்கள் அபின் தின்றவர்களாகக் கணக்கில் வந்ததால், அந்த அரசு 1998இல் ஓபியேட்டுகள் எனப்படும் அபின் வகைப் பொருள்களுக்கான வரம்பை ஒரு மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000க்கு உயர்த்த வேண்டியிருந்தது. குருமாவுக்குக் கசகசா அரைக்கும் ஊர் நம்முடையது. மேலும் மது போலன்றிக் கஞ்சாவின் தடயம் சிறுநீரில் நாள்கணக்கிலும், தொடர்ந்து புகைப்பவருக்கு வாரக்கணக்கிலும் தங்குவதால், போன வாரம் புகைத்தவரா இப்போது போதையில் நிற்பவரா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. நம் விமானத் துறையில் 2022 ஜனவரி 31 முதல் ஆண்டுக்கு 10 விழுக்காடு பேரையாவது திடீர்ச் சோதனை செய்யும் முறை நடப்பில் இருக்கிறது; அதில் முதல்முறை உறுதியானவரை மறுவாழ்வு சிகிச்சைக்குத்தான் அனுப்புகிறார்கள்.

சிகிச்சை என்ற சொல்லைச் சாலைப் போக்குவரத்தில் யாரும் எடுப்பதில்லை. எனக்கு வேலை பழக்கியவர் என்று சொன்னேனே, அவரை நாங்கள் ‘உடம்பு சரியில்லை’ என்று எழுத வைத்து வீட்டுக்கு அனுப்பியது ஒருமுறை இருமுறை அல்ல. உண்மையிலேயே அவருக்கு உடம்பு சரியில்லாமல்தான் இருந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை குடிநோய்க்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கியது 1980இல். அப்படி ஓர் இடம் இருக்கிறது என்ற செய்திகூட எங்கள் பணிமனைக்கு வந்து சேரவில்லை. சிக்குவதற்கு முன் தானாக முன்வந்து சொல்லும் ஊழியருக்கு விடுப்பும் சிகிச்சையும் உண்டு, வேலை போகாது என்று ஒரு வரி இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன். ஓய்வு பெறும் முன்பே கல்லீரல் கெட்டு இறந்தார்.

தங்கள் நாளிதழ் வழியாக நிர்வாகங்களையும் தொழிற்சங்கங்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். முதல் ஊதலில் மது காட்டினால் அவரை வண்டியில் ஏற்ற வேண்டாம்; அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் அந்த எண்ணைக் குற்றமாக எழுதுவதற்கு முன் வாய் கொப்பளிக்க வைத்து, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கண்முன்னே உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்லுங்கள். இரண்டாவதிலும் காட்டினால் சாலையில் பிடிபட்டவருக்குச் சட்டம் வைத்திருக்கும் அதே இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுங்கள். பணிமனைக்குப் பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள். கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதையும் அது அச்சிடும் சீட்டின் ஒரு பிரதியையும் ஊதியவர் கையில் கொடுங்கள். ஓட்டுநரோடு நிறுத்தாமல் பிரேக் பூட்டும் மெக்கானிக்கையும், சாவியைக் கொடுக்கும் நேரக் காப்பாளரையும், எப்போதாவது வந்து போகும் மேலாளரையும் ஊதச் சொல்லுங்கள். தொழிற்சங்கத்தார் சோதனையே கூடாது என்று வாயிலில் நிற்பதை விட்டு, இந்த நடைமுறையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் உறுப்பினர்களுக்கு நல்லது.

இதற்கெல்லாம் நேரம் ஏது, முதல் நடை தாமதமாகிவிடுமே என்று சொல்வார்கள். சொன்னவர்களிடம் வேலை பார்த்தவன்தான் நான். டயர் பஞ்சரானாலும், கண்டக்டர் டிக்கெட் பையை மறந்துவிட்டு வந்தாலும், முன் கண்ணாடித் துடைப்பான் வேலை செய்யாவிட்டாலும் முதல் நடை தாமதமாகத்தான் போனது. நேரக் காப்பாளரின் பதிவேட்டில் ‘தாமதத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘மறுசோதனை, 20 நிமிடம்’ என்று எழுத அதில் இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நேரக் காப்பாளர்,
பொள்ளாச்சி